அப்பத்தாவின் அருவாமனை: காரைக்குடிப் பக்கம் நான்கு நாள்

முதல் நாள்

நேற்று பல்லவன் ரயிலில் வந்து காரைக்குடியில் இறங்கியபோது இரவு பத்து மணி ஆகிவிட்டது. முதுகுப் பையில் மாற்றுத்துணி, கையில் ஒரு சாக்குப் பை. சாக்குப் பைக்குள் அப்பத்தாவின் அருவாமனை. வாய்ப்பக்கம் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மேலே சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தேன். வழியெல்லாம் அதை மடியை விட்டு இறக்கவில்லை.

அப்பத்தா தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வாழ்க்கைப்பட்டு திருச்சிக்கு வந்தபோது சீர் சாமான்களோடு வந்தது இது. அவருடைய அப்பா உள்ளூர்ப் பட்டறையில் சொல்லி அடித்துக் கொடுத்தாராம். புளியமரப் பலகை, வாத்தின் கழுத்துபோல வளைந்தெழும் அலகு, உச்சியில் தேங்காய் துருவ ஒரு பூ. மூன்று வருடங்களுக்கு முன் அப்பத்தா போனபின் என்னிடம் வந்து சேர்ந்தது. போன தீபாவளிக்கு முன் சென்னையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு சாணைக் கடையில் கொடுத்தேன். மின்சாரச் சக்கரத்தில் வைத்துப் பொறி பறக்கத் தீட்டி, கண்ணாடிபோல் பளபளவென்று கொடுத்தார்கள். ஒரு வாரம் நன்றாக வெட்டியது. பிறகு முளைக்கீரைத் தண்டுகூட நசுங்கத்தான் செய்தது. மறுபடியும் கொடுத்தேன். இன்னும் சீக்கிரமாக மழுங்கியது. மூன்றாம் தடவை, "இரும்பு செத்துப்போச்சு மேடம், புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள்.

அறுபது எழுபது வருடம் வெட்டிய இரும்பு மூன்றே மாதத்தில் எப்படிச் செத்துப்போகும்? அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

காலையில் தங்கியிருக்கும் வீட்டில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். சமைக்கும் ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். சைக்கிள் டியூபை அவிழ்க்கச் சொல்லி, அலகைக் கட்டைவிரலால் குறுக்கே தடவிப் பார்த்தார். "பொருளு நல்ல பொருளு. முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்க் கேளுங்க. ஆனா குடுத்துறாதீக" என்றார்.

அந்த எச்சரிக்கை எதற்கென்று தெருவுக்குப் போனதும் புரிந்தது. பழம்பொருள் கடைகள் வரிசையாக நிற்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குவாளி. பெரிய பெரிய வீடுகள் பிரிக்கப்பட்டபோது வந்து சேர்ந்தவை. நான் தேடியது இரும்பை. ஒரு கடையின் பின்கட்டில் தச்சர் கருவிகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன: உளிகள், வாச்சி, இழைப்புளி, கயிறு இழுத்துச் சுற்றும் துரப்பணம். அந்த வீட்டு நிலைகளில் யாளியும் கொடியும் செதுக்கியது இவைபோன்ற உளிகள்தான். நிலை பல லட்சத்துக்கு விலைபோகிறது. உளியைக் கிலோக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கஷ்டமாக இருந்தது.

கூடையில் ஒரு பாக்குவெட்டி இருந்தது. இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் பிடி. அச்சில் வார்த்த பித்தளையென்று நினைத்துக் கையில் எடுத்தேன். முழுதும் இரும்பு, அடித்தே செய்தது. கிளியின் இறகு வரிகளைச் சூட்டில் உளியால் கொத்தியிருக்கிறார்கள். அச்சாணியில் இத்தனை வருடம் கழித்தும் ஆட்டம் இல்லை. விலை எனக்கு எட்டாதது. திரும்ப வைத்துவிட்டேன்.

கடைக்காரர் என் சாக்குப் பையைப் பார்த்து, ஆச்சி சொன்னபடியே விலை கேட்டார். விற்பதற்கில்லை, சரிசெய்ய வேண்டும் என்றதும் முகம் மாறாமல் வழி சொன்னார். திருப்பத்தூர் சாலையில் குன்றக்குடி தாண்டி ஒரு விலக்கு. உள்ளே இரண்டு கிலோமீட்டர். கண்மாய்க்கரையில் ஓட்டுக் கொட்டகை.

"வெள்ளன போயிருங்க. வெயில் ஏறுனா அவர் உலை மூட்டமாட்டாரு."

இரண்டாம் நாள்

காலை ஆறரைக்கெல்லாம் போய்விட்டேன். கொட்டகைக்குள் நுழையும்போது செருப்பை வாசலிலேயே விடச் சொன்னார் பெரியவர். உள்ளே இருட்டு. ஒரு பக்கம் சாக்குப் படுதா தொங்குகிறது. வெளிச்சத்துக்கு அதைத் தூக்கிக் கட்டலாமே என்று நினைத்தேன், கேட்கவில்லை. காரணம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. இரும்பின் சூட்டை அவர் அளப்பது அது காட்டும் நிறத்தை வைத்து. வெயிலில் நிறம் ஏமாற்றும்.

பெரியவருக்கு அறுபத்தைந்து இருக்கும். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. அதனால் சம்மட்டி போடுவது பெரியவரின் மனைவி. சேலையை இழுத்துச் செருகி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். பெரியவர் இடதுகைக் குறட்டால் இரும்பைப் பிடித்து, வலதுகைச் சுத்தியலால் ஓர் இடத்தைத் தொடுவார். அதே இடத்தில் சம்மட்டி விழும். பேச்சே கிடையாது. சுத்தியலை வெறும் அடைகல்லில் இரண்டு தடவை தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். முப்பது வருடமாக இப்படித்தான் என்றார் அந்த அம்மா. "மொதல்ல துருத்தி ஊதத்தான் வந்தேன்" என்றார். இப்போது துருத்தி இல்லை, சின்ன மின்விசிறி ஊதுகிறது. கரி மட்டும் மாறவில்லை. இந்த வட்டாரத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுச் சுட்ட கரிதான். நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்று அத்தனை பேரும் திட்டும் அந்த மரம் இங்கே உலை மூட்டுகிறது.

நான் போனபோது ஒரு வெட்டரிவாள் பாதி வேலையில் இருந்தது. மூலப்பொருள் லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த வில்பட்டை. பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்குகிறார்கள். பட்டைக்கு என்ன அப்படி ஓர் உசத்தி? கட்டட வேலைக் கம்பியில் கரிச்சத்து மிகக் குறைவு. எவ்வளவு தோய்த்தாலும், அதாவது காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும், அது விறைக்காது. வில்பட்டையில் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி இருக்கிறது. அதனால் தோய்ச்சலுக்குக் கட்டுப்படும், ஆனால் கண்ணாடிபோல் உடையாது. அரத்தில் இன்னும் அதிகம், நூற்றில் ஒன்றுக்கும் மேல். தேய்ந்த அரத்தை அவர் வீசுவதில்லை. சின்னக் கத்திக்கும் உளிக்கும் எடுத்து வைத்திருக்கிறார். இந்தக் கணக்கு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் சொல்வது, "இது முறுக்குள்ள இரும்பு, அது பச்சிரும்பு", அவ்வளவுதான். கீழே போட்டு ஓசை கேட்டே பிரித்துவிடுகிறார்.

பட்டையை நிமிர்த்தி, வால் இழுத்து, பிறகு வளைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வளைவு மிக அதிகமாகத் தெரிந்தது, கிட்டத்தட்டக் கொக்கிபோல. அரிவாள் இப்படியா இருக்கும் என்று கேட்டேவிட்டேன்.

"இருங்க ஆத்தா. வாயத் தட்டத் தட்ட அதுவா நிமிரும்."

அப்படித்தான் ஆயிற்று. உள்வளைவில் வாயை மெல்லியதாக அடிக்கும்போது அந்த ஓரம் மட்டும் நீள்கிறது. நீளும் ஓரம் அலகை வெளியே தள்ளுகிறது. அரைமணி நேரத்தில் கொக்கி தளர்ந்து அரிவாளானது. முதலில் எவ்வளவு கூட வளைத்தால் கடைசியில் சரியாக நிற்கும் என்பதற்கு அங்கே அச்சு கிடையாது, கோடு கிடையாது. நான் இந்த இடத்தில்தான் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்தேன்.

நடுவில் ஒருவர் மம்பட்டியோடு வந்தார். வாய் தேய்ந்து மொட்டையாகிவிட்டது, தட்டித் தரவேண்டும். பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "எங்கிட்டு வேலை? கண்மாய்க்குள்ளயா, மேட்டுலயா?" மேட்டில் என்றார் வந்தவர். இங்கே மேட்டு நிலம் செம்மண்ணும் சரளையும். கண்மாய் வண்டலுக்கு வாய் விறைப்பாக இருக்கலாம். சரளையில் அதே விறைப்பு பல்லுபல்லாகத் தெறித்துவிடும். அதனால் மேட்டு மம்பட்டிக்குத் தோய்ச்சலை இளக்கி விடுகிறார். சீக்கிரம் மழுங்கும், ஆனால் உடையாது. கடையில் வாங்கும் மம்பட்டி எந்த மண்ணென்று கேட்பதில்லை.

பதினொரு மணிக்கு உலையை அணைத்துவிட்டுத் தேநீர். அரிவாள் வாங்க வந்த இன்னொருவரிடம் பேர், ஊர், போன் நம்பர் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார் பெரியவர். காவல்துறை அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறது. வீச்சரிவாள் அடிப்பதில்லை என்பது அவரே வைத்துக்கொண்ட விதி. "கேட்டு வருவாக. தெரியாதுன்னு சொல்லி அனுப்பிருவேன்" என்றார். இதே மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளைச் சினிமா எப்படிக் காட்டியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தென்னை பாளை சீவவும், முள் வெட்டவும், கதிர் அறுக்கவும் ஊருக்கு ஒரு வடிவம் செய்து கொடுத்த கைகளுக்கு அந்தப் பேர் நியாயமில்லை.

சிவகளை பற்றிச் சொன்னேன். தூத்துக்குடி மாவட்டத்தில் தோண்டியெடுத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. ஐயாயிரம் வருடத்துக்கும் மேல். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பவும் கரியிலதான காச்சிருப்பான்?" ஆமாம் என்றேன். "அப்ப நெறந்தான் பாத்துருப்பான்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் என் சாக்குப் பையைக் கேட்டார்.

டியூபை அவிழ்த்து, அலகைப் படுதாப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"யாரு இதைச் சக்கரத்துல வச்சது?"

நான்தான் கொடுத்தேன் என்றேன். விரலால் காட்டினார். வாயோரத்தில் மூன்று நான்கு இடங்களில் லேசாக நீலம் பூத்திருந்தது. நான் அதை எண்ணெய்க் கறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மின்சாரச் சக்கரம் சுற்றும் வேகத்தில், தண்ணீர் விடாமல் அழுத்தினால், மெல்லிய வாயில் சூடு ஒரு நொடியில் முந்நூறு டிகிரிக்கு ஏறிவிடும். அந்தச் சூட்டில்தான் எஃகு நீலமாகும். நீலமானால் விறைப்பு இறங்கிவிட்டது என்று பொருள். பார்க்கப் பளபளக்கும், கூர் நிற்காது. திரும்பத் திரும்பத் தீட்டக் கொடுத்த நானே திரும்பத் திரும்ப அதைக் கெடுத்திருக்கிறேன். அப்பத்தா கல்லில் மட்டும்தான் தீட்டுவார், தண்ணீர் தெளித்துத் தெளித்து. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவள் நான்.

பிறகு ஓர் அரத்தை எடுத்து அலகின் முதுகில் இழுத்தார். கறுக்கென்று கடித்தது. வாயோரம், நீலம் இல்லாத இடத்தில் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. முகம் கொஞ்சம் மலர்ந்தது. "உருக்கு வச்சு அடிச்சிருக்கான்" என்றார். முழு அலகும் பச்சிரும்பு. வாயில் மட்டும் ஒரு கீற்று எஃகை உள்ளே வைத்து, இரண்டையும் வெள்ளைச் சூட்டில் ஒன்றாக அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். எஃகு அரிதாகக் கிடைத்த காலத்துச் சிக்கனம் அது. பச்சிரும்பு உதைதாங்கும், எஃகு வெட்டும். வெயிலில் உற்றுப் பார்த்தால் இரண்டும் சேரும் கோடு முடி கனத்தில் தெரிகிறது.

மீதி எஃகு ஒரு நகக்கண் அகலம்தான் இருக்கிறது. புது அலகு போட்டுவிடலாமா என்று கேட்டேன். லாரிப்பட்டையில் நல்லதாகவே வரும் என்றார். அப்புறம் கொஞ்சநேரம் அலகையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இன்னும் ஒங்க ஆயுசுக்கு இருக்கு. நாளைக்கி அமாவாசை. நாளான்னைக்கி வாங்க" என்றார்.

மூன்றாம் நாள்

அமாவாசை. தச்சரும் கொல்லரும் கொத்தரும் கருவியைத் தொடாத நாள். ஊர் முழுக்கச் சுத்தியல் சத்தம் ஓய்ந்திருந்தது.

காலையில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, ஆட்டோவில் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு சுற்று. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைக் கடந்தபோது நிறுத்தச் சொன்னேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த இடம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது இங்கே நடக்கும் ஆராய்ச்சிகளில் ஒன்று. அப்பத்தா ஐப்பசி பிறந்தால் அலகுக்கு விளக்கெண்ணெய் தடவிப் பழந்துணியில் சுற்றிவிடுவார். துரு பிடிக்க ஈரமும் காற்றும் சேர்ந்து இரும்பைத் தொடவேண்டும். எண்ணெய் இரண்டையும் மறிக்கிறது.

சாயங்காலம் பெரியவர் ஊருக்கே போனேன், பட்டறைக்கு இல்லை. கண்மாய்க்கரைக் கருப்பர் கோயிலில் விளக்குப் போட்டிருந்தார்கள். கூரை கிடையாது, ஆலமரம், மண்குதிரைகள், முன்னால் தரையில் நட்டுவைத்த அரிவாள்கள். ஆள் உயரத்துக்கும் மேலே சில. நேர்த்திக்கடனாக வந்தவை. வெட்டுவதற்கில்லாத அரிவாள் என்பதால் இவற்றுக்குத் தோய்ச்சல் கிடையாது என்று நேற்றே சொல்லியிருந்தார் பெரியவர். ஆனால் அடிக்கும் நாட்களில் கறி தின்பதில்லையாம். மழையில் கறுத்து, எலுமிச்சை குத்தி நிற்கும் அந்த வரிசையில் எது அவர் கை, எது அவர் அப்பா கை என்று அவருக்குத்தான் தெரியும்.

நான்காம் நாள்

இன்றைக்கு அலகைப் பலகையிலிருந்து கழற்றினோம். ஆப்பைத் தட்டி எடுத்ததும், பலகைக்குள் இத்தனை காலம் மறைந்திருந்த வாலில் சின்னதாக ஒரு கொத்து தெரிந்தது: மூன்று புள்ளி, ஒரு கோடு. அடித்தவரின் அடையாளம். பெரியவருக்கு அது யாருடையதென்று தெரியவில்லை. தேவகோட்டைப் பக்கம் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

முதலில் மிதமாகக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டார். சக்கரமும் காலமும் உள்ளே ஏற்றிய முறுக்கு தளர்வதற்கு. ஒரு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் கல்தொட்டித் தண்ணீரில் ஒரு காய்ச்சிய இரும்புத் துண்டைப் போட்டு வெதுவெதுப்பாக்கினார். பச்சைத்தண்ணீர் மெல்லிய வாயை வெடிக்க வைத்துவிடும்.

பிறகு படுதாவை முழுக்க இறக்கிவிட்டார். கரிக்குள் அலகு மெல்ல நிறம் மாறியது. இருட்டுச் சிவப்பு, பழுத்த கோவைப்பழம், அதற்கு மேல் ஒரு துளி. மகன் வாங்கிக்கொடுத்த காந்தம் ஒன்று கம்பியில் தொங்குகிறது. எழுநூற்று எழுபது டிகிரி தாண்டினால் இரும்பைக் காந்தம் இழுக்காது, அதைவைத்துச் சூடு பார்க்கலாம். அவர் அதன் பக்கமே திரும்பவில்லை. சட்டென்று எடுத்து, வாயை மட்டும் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீரில் இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டினார். சீறல். அந்தச் சீறலுக்குள் டிக்கென்று ஒரு சத்தம் வந்தால் வாய் பிளந்தது என்று அர்த்தம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். நானும் அம்மாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். வரவில்லை.

ஆனால் அலகு நெளிந்திருந்தது. நடுவில் ஒரு பக்கமாக, லேசாக. எனக்கு வயிறு கலங்கியது. அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல், செங்கல் துண்டால் வாயைத் தேய்த்து வெள்ளையாக்கி, வெளிச்சத்தில் பிடித்தார். இனிமேல்தான் எல்லாம். முதுகில் இன்னும் சூடு இருக்கிறது. அது வாயை நோக்கி நகர்ந்து வருகிறது. வெள்ளை இரும்பின்மேல் நிறம் ஓடுகிறது. முதலில் வைக்கோல். பின்னால் தேன். அதற்குப் பின்னால் நாவல்பழம், அதையும் விரட்டிக்கொண்டு மயில்கழுத்து நீலம். மேட்டு மம்பட்டி என்றால் நீலம் வாய்வரை வரட்டும் என்று விட்டுவிடுவார். அருவாமனைக்கு வைக்கோல் முடிந்து தேன் தொடங்கும் இடம். அங்கே வந்ததும் புளியமரக் கட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் இரண்டே தட்டு, நெளிவு போனது. முழு அலகையும் தண்ணீரில் தள்ளினார்.

சென்னையில் சக்கரம் காட்டியதும் இதே நிறங்களைத்தான். அங்கே யாரும் பார்க்கவில்லை.

தேங்காய்ப் பூவின் பற்களை அரத்தால் ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்தது அம்மா. பல் முனை கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் சிரட்டையின் கறுப்பும் சேர்ந்து வரும் என்றார். பலகைக்குப் புது ஆப்பு, வாகைமரத்தில். கூலி 400 ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்தேன், எண்ணிப் பார்த்து மீதியைத் திருப்பித் தந்தார்.

"சக்கரத்துல குடுக்காதீக. அம்மிக்கல்லுப் பக்கவாட்டுல தண்ணியத் தெளிச்சு இழுத்தாப் போதும். கல்லு சுடக் கூடாது, இரும்பும் சுடக் கூடாது."

மகன் சித்திரையில் வருவானா என்று அம்மாவிடம் கேட்டேன். வருவான், வந்தால் ஒரு மாதம் சம்மட்டி போடுவான், அப்போது தனக்குத் தோள் கொஞ்சம் ஆறும் என்றார்.

இப்போது இரவு. தங்கியிருக்கும் வீட்டுச் சமையல்கட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆச்சி ஒரு வாழைத்தண்டை எடுத்துவைத்துக்கொண்டு, நான் கேட்காமலே பலகைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வில்லை அறுத்து, நாரை விரலில் சுற்றி இழுத்து, அடுத்தது. விளக்குக்கு நேரே ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கம் அவர் விரல் தெரிந்தது. "ஒங்க அப்பத்தா எந்த ஊருன்னு சொன்னீக?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த துண்டை எடுத்தார்.